ரோகிடாவுக்குக் குடை

ஜெய்சல்மேர் தாண்டி எழுபது கிலோமீட்டர்.
மேப்பில் பெயரில்லாத எங்கள் போஸ்ட்டின் பின்பக்கம்
ஒரு ரோகிடா நின்றது.
நிழல் என்று சொல்ல முடியாது,
வெயில் கொஞ்சம் யோசித்து விழும், அவ்வளவுதான்.
மாசியில் மட்டும்
சூளை வாய் திறந்தாற்போல் பூக்கும்.

நான் ஓய்வு பெற்ற அன்று நாயக் பன்வர்லால்
வளைந்த காய் ஒன்றைச் சட்டைப் பையில் செருகினான்.
மஞ்சளா சிவப்பா ஆரஞ்சா,
பூக்கும்வரை அது மரத்துக்கே தெரியாது என்றான்.

செம்மண்டலத்து வீட்டில் காயைப் பிளந்தேன்.
ஈசல் சிறகு ஒட்டிய விதைகள்.
ஃபேன் ஓடியதைக் கவனிக்கவில்லை,
பாதி கட்டிலுக்கடியில் போயிற்று.
தையல்நாயகி விளக்குமாற்றோடு குனிந்தாள்:
"வேற எதுவும் கெடைக்கலையா அங்க?"

முளைத்தவை மூன்று.

வளர்க்கும் முறை எளிது,
ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்.
கடலூரில் அதைவிடக் கஷ்டமான வேலை இல்லை.
மண்ணைக் கிள்ளினால் தண்ணீர்,
காற்றைப் பிழிந்தால் உப்பு.
மணலை நாலு முறை அலசினேன்,
நாக்கில் வைத்துப் பார்த்தேன்,
ஐந்தாம் முறையும் அலசினேன்.
உடைந்த ஓடு, செங்கல் ஜல்லி, அந்த மணல்,
இடுப்பளவு மேடு.
யாரைப் புதைத்தீர்கள் என்று தெருவில் கேட்டார்கள்.

முதல் கன்றை இரக்கம் கொன்றது.
சிதம்பரத்தில் ஒரு கல்யாணம், நாலு நாள் நாங்கள் இல்லை.
பக்கத்து வீட்டு அமலோற்பவம்
காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம்.
"வாடிக் கெடந்துச்சு சார், மனசு கேக்கல."
அது வாடவில்லை அக்கா,
அதன் முகமே அப்படித்தான்.
சொல்லவில்லை.
வேரைப் பிடுங்கினேன், ஊறிய புளி.

இரண்டாவதைக் கெடிலம் கொண்டுபோனது.
அந்தக் கார்த்திகையில் ஆறு
கேட்டைத் தட்டிவிட்டு வரவில்லை.
பீரோவின் கீழ்த்தட்டு, என் டிஸ்சார்ஜ் புத்தகம்,
தையலின் தையல் மெஷின் மோட்டார்,
மேட்டின் ஒரு பக்கம், அதிலிருந்த கன்று.

மூன்றாவது பெயின்ட் டப்பாவில் இருந்தது.
மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்
டார்பாய்க்கு அடியில் வைத்தேன்.
டார்பாய் பறந்தது.
குடை பிடித்தேன்.

இரவு முழுக்க.
கம்பி ஒன்று முறிந்து கன்னத்தில் குத்திக்கொண்டிருந்தது.
விடியும்போது எதிர்மாடியில் பால் பூத்துக்காரர் கத்தினார்:
"சார், மரத்துக்கு ஜலதோஷமா?"
ஆமாம் என்றேன்.

தையில் அதை மேட்டில் இறக்கினேன்.
வாரம் ஒரு சொம்பு,
மறு வருடம் மாதம் ஒரு சொம்பு,
அப்புறம் சொம்பை உள்ளே வைத்துவிட்டேன்.
அடிக்கிளையை மட்டும் கத்தரித்தேன், அது கண்டுகொள்ளவில்லை.
சித்திரையில் தண்ணீர் லாரிக்குத் தெரு வரிசையில் நிற்கும்,
எல்லார் வாசலிலும் செம்பருத்தி தலை தொங்கும்.
அமலோற்பவம் நிறைகுடத்தோடு எங்கள் மேட்டருகே வந்து
ஒரு நிமிஷம் நிற்பாள்.
கையை அடக்கிக்கொண்டு போவாள்.
அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

ஏழாம் வருடம், மாசி இரண்டாம் நாள்,
மஞ்சள்.

பன்வர்லாலுக்குப் போன் போட்டேன்.
அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று
ஒரு பெண் இந்தியில் மூன்று முறை சொன்னாள்.
நான் மூன்று முறையும் கேட்டேன்.

அமலோற்பவம் உதிர்ந்த ஒன்றை மூக்கில் வைத்தாள்.
"வாசனையே இல்லியே!"
இல்லைதான்.
இருந்தாலும் நாலைந்து பொறுக்கி
மாதா படத்துக்கு எடுத்துப்போனாள்.
தேன்சிட்டு ஒன்று கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது,
அதற்கு ஊர் பேர் எதுவும் தேவைப்படவில்லை.

இப்போது ஐப்பசி.
தென்கிழக்கில் கறுத்துக்கொண்டு வருகிறது.
மரம் குடையைத் தாண்டி வளர்ந்துவிட்டது,
அதனால் மேட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டுகிறேன்.
குடையைத் தையல் எனக்குப் பிடிக்கிறாள்.
"சரிவு பாத்து வெட்டுங்க,
தண்ணி எல்லாம் அமலோற்பவம் வீட்டுக்கில்ல போவுது."

மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து குரல்:
"வரட்டும், வரட்டும்."